பீங்கான் குழந்தை

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 16, 2025

அன்புள்ள மரிபெல்,

நான் நலம். நீயும் மானஸாவும் நலம் என்பதை இன்று காலை வீடியோவில் பார்த்துவிட்டேன். அதனால் நலம் விசாரிக்கும் வரியைத் தாண்டிவிடுகிறேன்.

பெரிய விஷயங்களைக் காகிதத்தில் எழுதினால்தான் படிப்பேன் என்கிறாய். போனில் பேசும்போது நான் கீபோர்டைத் தட்டுவது உனக்குக் கேட்கிறதாம். சரி, தட்டினேன். அதற்காக ஸ்டாம்ப் ஒட்டி, டெக்சாஸ் போய்ச் சேர நாலு நாள் ஆகிற முறையை இந்தக் காலத்தில் யாராவது கையில் எடுப்பார்களா? பேனா தேடவே பத்து நிமிடம் ஆயிற்று. மானஸாவின் தமிழ்ப்பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். பின்பக்கம் வரிசையாக 'ஔ' இருக்கும், கண்டுகொள்ளாதே.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இன்று உன் அண்ணன் ரூபென், உன் சித்திகள் எல்லோர் முன்னாலும், அவருக்கு மறதி முற்றுகிறது என்று நான் சொன்னதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதனால் எழுத்திலும் சொல்கிறேன். பீன்ஸ் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தபால் எடுக்கப் போய்த் தீயவிட்டார். கார் சாவி ஃப்ரிட்ஜில் கிடைத்தது. இதெல்லாம் யாருக்கும் நடக்கும் என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜனவரி ஆறாம் தேதி?

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நாற்பத்தொரு வருடமாக அந்த வளைய ரொட்டியைச் சுடுகிறவர் அவர். மாவுக்குள் அதே சின்னப் பீங்கான் குழந்தைப் பொம்மையை வைக்கிறவரும் அவர்தான். யார் துண்டில் குழந்தை வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளத் தோகையில் அவித்த தமாலே விருந்து போட்டு, குழந்தையைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. இந்த வருடம் இருபத்திரண்டு பேர் ரொட்டியை வெட்டினோம். கடைசித் துண்டு வரை குழந்தை வரவில்லை. "வெச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியலை" என்று அவரே சொன்னார். நாற்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக விருந்தும் நடக்கவில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

டாக்டரிடம் காட்டு. வீட்டை என்ன செய்வது என்று ரூபெனோடு பேசி முடிவெடு. ஈஸ்டருக்குள் திரும்பி வா. நீ போய் மூன்று வாரம் ஆகிறது. தமிழ்ப்பள்ளியில் ஜலஜா ஆன்ட்டி சனிக்கிழமை தவறாமல் கேட்கிறார்: "என்னப்பா, என் பெஸ்ட் ஸ்டூடண்ட் எங்க?" அவர் கேட்பது மானஸாவை அல்ல, அவள் பக்கத்து பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து படித்த அவள் அம்மாவை.

இளமாறன்


சான் அன்டோனியோ, டெக்சாஸ்
ஏப்ரல் 4, 2025

அன்புள்ள இளமாறனுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இந்த வரியை நான் தாண்ட மாட்டேன். தாண்டினால் கடிதம் தொடங்கவில்லை என்று பொருள் என்று ஜலஜா ஆன்ட்டி சொல்லியிருக்கிறார்.

அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். முப்பதுக்கு இருபத்தேழு. வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார். வெளியே வந்ததும் ரூபென் கேட்டான்: "அப்ப அந்தக் குழந்தை எங்க போச்சு?" டாக்டர் சொன்னதை அதன் பிறகு யாரும் பேசவில்லை. அம்மாவும் நம்பவில்லை. டாக்டருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்கிறாள்.

இப்போது அலமாரிக் கதவுகளில் சீட்டு ஒட்டுகிறாள். 'உப்பு போட்டாயிற்று.' 'அடுப்பு அணைத்தாயிற்று.' போட்டுவிட்டுச் சீட்டைப் படிக்கிறாள், படித்துவிட்டுச் சுவைத்துப் பார்க்கிறாள். அன்று என்னைக் கேட்டாள்: "உன் வீட்டுக்காரர் எஞ்சினியராச்சே. அவர் என்ன நெனைக்கிறார்?" நீங்கள் வீடியோவில் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

நான் உங்கள் அம்மாவை முதல் நாளிலிருந்து அத்தை என்று அழைக்கிறேன். என் அம்மாவை நீங்கள் ஒரு நாளும் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்பீர்கள். மானஸா பிறந்தபோது லூஸ் என்று பெயர் வைக்க அம்மா கேட்டாள். வெளிச்சம் என்று பொருள், அவளுடைய பாட்டியின் பெயர். உங்கள் ஊர் கோபியில் எல்லோரும் சிரிப்பார்கள் என்றீர்கள். ஏன் சிரிப்பார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மாவும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். எடிசன் அபார்ட்மென்ட்டில் ஆறு பொங்கல் பொங்கவைத்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்மோக் அலாரம் அடித்தது. நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டீர்கள்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. ஈஸ்டருக்கு வர முடியாது என்று சொல்ல எழுதினேன். அம்மாவைத் தனியாக விட ரூபெனுக்குப் பயம். எனக்குப் பயம் இல்லை. ஆனால் அம்மாவுக்கே பயமாக இருக்கிறது.

உங்கள் மரிபெல்


எடிசன்
ஜூன் 8, 2025

அன்புள்ள மரிபெல்,

நலமா? கேட்டுவிட்டேன்.

ரூபென் என்னிடம் நேராகப் பேசினான். வீட்டை விற்றுவிட்டு, ஆட்கள் இருந்து பார்த்துக்கொள்கிற இடத்தில் உன் அம்மாவைச் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர்க்கலாம் என்றேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்தால் ஒன்றும் நகராது.

அந்த அடுப்பு போனால் எல்லாமே போய்விடும் என்று நீ ரூபெனிடம் சண்டை போட்டாயாமே. என்ன போய்விடும்? இப்போது அந்த வளைய ரொட்டி எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வெட்டினால் திருநாள் முடிந்தது. தமாலேவும் டஜன் கணக்கில் விற்கிறார்கள். உங்கள் ஆட்கள் மெக்சிகோவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ரொட்டியை யார் சுட்டால் என்ன?

எனக்குப் பொங்கலும் அப்படித்தான், உன் பண்டிகை என்பதால் சொல்லவில்லை. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் சர்க்கரைப் பொங்கல் பெட்டியில் கிடைக்கிறது. நீ ஏன் அலாரம் அடிக்க அடிக்கப் பொங்கவைத்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் கேட்கவே இல்லையே.

மானஸா நேற்று வீடியோவில் என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியாததும் அவளே, "இட்ஸ் ஓகே அப்பா" என்றாள். ஆறு வயதுக் குழந்தை எனக்கு ஆறுதல் சொல்கிறது. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வந்து சேருங்கள்.

இளமாறன்


சான் அன்டோனியோ
ஆகஸ்ட் 21, 2025

அன்புள்ள இளமாறனுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

வீடு போன வாரம் கைமாறியது. அம்மாவை நீங்களும் ரூபெனும் சொன்ன இடத்தில் சேர்த்துவிட்டோம். சுத்தமான இடம். அறையில் அடுப்பு கிடையாது. கெட்டில்கூடக் கூடாது. நான் பக்கத்துத் தெருவில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறேன். மானஸா இங்கேயே முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

கடைசி நாள் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சாமான்களை ரூபென் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மாவைக் காணவில்லை என்று தேடினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாவு டின்னைச் செய்தித்தாளில் கவிழ்த்துச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள். முழு டின்னையும். அதற்கு முன்பே அடுப்பின் அடித்தட்டைக் கழற்றியிருந்தாள். பொத்தான் டப்பா, மருந்து டப்பா, செத்துப்போன அப்பாவின் ஷூ எல்லாம் கொட்டிக் கிடந்தன. கை, முகம், புருவம் எல்லாம் மாவு.

"என்னம்மா தேடுற?" என்றேன். "குழந்தைய" என்றாள். "ரொட்டில வெக்கலைன்னா வேற எங்கயாவது வெச்சிருக்கணும் இல்ல? அது கெடைச்சாத்தான் நான் மறந்தேன்னு எனக்கு உறுதியாகும். இல்லைன்னா ஒரு நாள் மறந்தேன்னும் தோணுது, ஒரு நாள் வெச்சேன்னும் தோணுது."

கிடைக்கவில்லை. சலித்த மாவைத் திரும்ப டின்னில் போட்டு மூடி வைத்தாள். புது வீட்டுக்காரர்களுக்காம்.

எட்டு மாதமாக அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அன்றும் அழவில்லை. லாரியில் ஏறும்போது, "வீட்டைப் பூட்டினேனா?" என்று கேட்டாள். பூட்டியிருந்தாள். நானே பார்த்தேன்.

உங்கள் மரிபெல்


எடிசன்
செப்டம்பர் 1, 2025

மரிபெல்,

இதோடு ஒரு சின்ன டப்பா இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் திற.

நாலு முறை எழுதிக் கிழித்தேன். விழுந்த சர்வர் ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் கை பட்டது. சொந்த அபிப்பிராயம் கூடாது. அப்படியே எழுதிவிடுகிறேன், வேறு மாதிரி வரவில்லை.

ஜனவரி 6, மாலை ஏழு மணி. என் துண்டைக் கடித்தேன். பல்லில் கல் மாதிரி ஏதோ பட்டது. நாப்கினில் துப்பினேன். காது உடைந்த பீங்கான் குழந்தை. யாரும் பார்க்கவில்லை. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆபீஸில் இருந்த சாஃப்ட்வேர் ரிலீஸ். மறுநாள் இருபத்திரண்டு பேருக்கு விருந்து என்றால் மறுபடி விமானம், மறுபடி லீவு. உன் சித்திகள் சுற்றி நின்று சிரிக்க, தெரியாத பாஷையில் மாவு பிசைய வேண்டும். நாப்கினைச் சுருட்டி ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டேன். எல்லாம் சேர்ந்து பத்து நொடி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரூபென் பன்னிரண்டு வயதில் விருந்துக்குப் பயந்து குழந்தையை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லி எல்லோரும் வருடாவருடம் சிரிப்பீர்களே, நானும் அப்படி ஒரு கதையாகிவிடுவேன் என்று பட்டது. அதற்குள் உன் அம்மா எழுந்து நின்று, "நான்தான் வெக்க மறந்துட்டேன் போல" என்றார். நீ மொழிபெயர்த்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் நாலு தாள் கிழித்தேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. மார்ச்சில் வீடியோவில் உங்கள் எல்லோர் முன்னாலும் ஆதாரம் என்று பேசினேனே, அந்த ஜாக்கெட் எனக்குப் பின்னால் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்கள்.

மாவு சலித்ததை எழுதினாய். ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முதல் முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது தமாலேயைச் சுற்றிய சோளத் தோகையை உரிக்கத் தெரியாமல் அப்படியே கடித்தேன். மேசை முழுக்கச் சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அவரும் தோகையோடு கடித்து, நார் நாராக மென்று, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மன்னிப்பு கேட்க எனக்குத் தெரியவில்லை. டப்பாவில் இருப்பது அந்தக் குழந்தை.

இளமாறன்


சான் அன்டோனியோ
அக்டோபர் 5, 2025

அன்புள்ள இளமாறனுக்கு,

நீங்கள் நலமா? ஒரு மாதம் இந்த வரியை எழுத முடியவில்லை.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக, எதையும் விடாமல், நிம்மதி என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்து. குழந்தையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உடைந்த காதைத் தடவினாள். "அப்ப நான் வெச்சிருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வெச்சிருக்கேன்." மூன்று முறை சொன்னாள்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "ரூபென்கிட்ட சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா நம்ம குடும்பத்தோட அவர் மறுபடி உக்காந்து சாப்பிட முடியாது. மானஸாவோட அப்பா. நான் மறந்தவளாவே இருந்துட்டுப் போறேன், எனக்கு என்ன இப்ப" என்றாள். குழந்தையை ஊசி நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். வெளியே எடுத்தால் எங்கே கிடைத்தது என்று அண்ணன் கேட்பான் அல்லவா? நீங்கள் எட்டு மாதம் ஒளித்தீர்கள். இப்போது அம்மா ஒளித்துக்கொண்டிருக்கிறாள், உங்களுக்காக.

அவள் மூளை நன்றாக இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி. ஆனால் இப்போதும் சீட்டு ஒட்டுகிறாள். பழக்கமாகிவிட்டதாம். என் அபார்ட்மென்ட்டில் வந்து ஏதாவது சுடு என்றால், "நீ செய், நான் பாக்கறேன்" என்கிறாள். மாவைத் தொட மாட்டேன் என்கிறாள்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும். மார்ச்சில் எல்லோர் முன்னாலும் பேசினீர்கள், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஸ்பானிஷ் வேண்டாம், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போதும்: குழந்தை என்னிடம் இருந்தது. ஜனவரி ஆறாம் தேதி எல்லோரும் என் அபார்ட்மென்ட்டில் கூடுகிறோம். லீவு கேட்க வேண்டாம், வீடியோவில் வந்தால் போதும். சொல்லிவிட்டீர்கள் என்றால், வீட்டில் யார் எவ்வளவு கோபப்பட்டாலும் சரி, அந்த மாதமே மானஸாவோடு எடிசனுக்கு வந்துவிடுகிறேன். வர எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

உங்கள் மரிபெல்


எடிசன்
டிசம்பர் 14, 2025

அன்புள்ள மரிபெல்,

நலம். நீ நலமா? மானஸா நலமா? அத்தை நலமா?

நீ கேட்டதை நிறைய யோசித்தேன். கோபப்படாமல் படி. வீடு விற்றாகிவிட்டது, திரும்ப வராது. நான் சொன்னால் ரூபென் என்னோடு சண்டை போடுவான். அதைவிட, விற்கச் சொன்னது அவன் என்று அவனே தலையில் அடித்துக்கொள்வான். இதனால் யாருக்கு என்ன லாபம்? அத்தையே வேண்டாம் என்கிறார். பாதிக்கப்பட்டவரே புகார் இல்லை என்றபின் நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்?

சொல்வதைவிடச் செய்வது நல்லது என்று ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு மெக்சிகன் கடையைப் பிடித்தேன். சோளத் தோகை, மாவு, காய்ந்த மிளகாய், பன்றிக் கொழுப்பு எல்லாம் வாங்கினேன். கடைக்கார அம்மாவிடம் போன் டிரான்ஸ்லேட்டரை நீட்டி நீட்டிக் கேட்டு எழுதிக்கொண்டேன். முதல் முறை மாவு கூழாகிவிட்டது. இரண்டாம் முறை தோகையை ஊறவைக்காமல் மடித்து எல்லாம் கிழிந்தது. வேகவைக்க நம் இட்லிப் பானைதான். தட்டை எடுத்துவிட்டுச் செங்குத்தாக அடுக்கினால் ஒரு தடவைக்கு இருபது நிற்கிறது. கீழ்வீட்டு அகிலன் மூன்று தின்றுவிட்டு, "மச்சான், காரக் கொழுக்கட்டை சூப்பர்" என்றான். நேற்று நாலாவது முறை. சரியாக வந்துவிட்டது. மாவில் சின்ன உருண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. மிதந்தால் பதம் சரி என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி அறுபது தமாலேயோடு நானே வருகிறேன். டிக்கெட் பார்த்துவிட்டேன், லீவும் சொல்லிவிட்டேன். குழந்தை என் துண்டில்தானே வந்தது, விருந்து என் கடமை. ஒரு வருடம் தாமதம். கேட்டால் சும்மா ஆசைக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆறாம் தேதி வீடியோவில் கட்டாயம் வருகிறேன். சமயம் வாய்த்தால் சொல்லியும் பார்க்கிறேன்.

இளமாறன்


சான் அன்டோனியோ
ஜனவரி 11, 2026

இளமாறனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உண்மையாகவே.

ஆறாம் தேதி உங்கள் பக்கத்தில் எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. அதனால் இந்தப் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா ரொட்டி சுடவில்லை. ரூபென் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி வந்தான். கடை ரொட்டியில் குழந்தை உள்ளே இருப்பதில்லை. யார் தொண்டையிலும் சிக்கக்கூடாது என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியில் ஒட்டியிருக்கிறார்கள். ரூபென் அதைப் பிரித்துத் தூக்கிக் காட்டினான். "பாத்தியாம்மா, கடைக்காரங்க மறக்கலை!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவன் கெட்டவன் அல்ல. ஒரு வருடமாக எல்லோரும் பயந்திருந்த ஒன்றைச் சிரித்துக் கடக்கப் பார்த்தான்.

நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. உங்களுக்கும் தெரிந்தது. உங்கள் வாய் திறந்தது. பிறகு, "சாரி கய்ஸ், மீட்டிங் இருக்கு, ஹேப்பி த்ரீ கிங்ஸ் டே" என்றீர்கள். எங்களுக்கு மாலை ஏழரை மணி. எடிசனில் இரவு எட்டரை.

திரை இருண்டதும் அம்மா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். விடாதபடி இறுக்கிப் பிடித்தாள். நான் பிடுங்கிக்கொண்டு போய், அவள் பையிலிருந்த ஊசி நூல் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தேன். நூல்கண்டுகளுக்கு நடுவில் அது உருண்டு வந்தது. காது உடைந்த குழந்தையை அந்த மேசையில் தெரியாதவர் யாருமில்லை.

"எங்க இருந்துச்சு?" என்றான் ரூபென்.

"நியூ ஜெர்சியில" என்றேன்.

வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரூபென் எழுந்து வெளியே போனான். அவனுடைய டிரக்கின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றான். திரும்பி வந்து அம்மாவின் தட்டை எடுத்துக் கழுவினான். அதை மட்டும்தான் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

அம்மாவுக்கு என்மேல்தான் கோபம். "உன் வீட்டை நீயே இடிச்சிட்ட" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. சத்தியத்தை மீறியவள் நான்தான், அந்தக் கோபம் நியாயமானது. மூன்றாம் நாள் போன் செய்து என் வீட்டில் மாவு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் எதுவும் சுடவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

நீங்கள் போன ஜனவரியில் குழந்தையை மறைத்ததை நான் என்றாவது மன்னித்திருப்பேன். ரூபெனும் ஒரு காலத்தில் மறைத்தவன்தான். மார்ச்சில் பேசியதைக்கூட மறக்கப் பார்த்திருப்பேன். ஆறாம் தேதி அம்மா சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் திரையை மூடினீர்கள். நாலு முறை மாவு பிசைந்து, கடை கடையாக அலைந்து, அறுபது தமாலே செய்ய முடிகிற உங்களால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

நானும் மானஸாவும் எடிசனுக்கு வரவில்லை. வக்கீலின் கடிதம் தனியாக வரும். அது ஆங்கிலத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மானஸா எப்போதும்போல் உங்களோடு பேசுவாள். அவளுக்கு நான் தமிழை நிறுத்த மாட்டேன். ஜலஜா ஆன்ட்டியிடம் ஆன்லைனில் வகுப்பு கேட்டிருக்கிறேன். இந்தப் பொங்கலுக்குப் பானை வைக்க வேண்டாம் என்றிருந்தேன், நீங்கள் கேட்கவில்லை என்பதால். இந்த வாரம் வைக்கிறேன். நீங்கள் எப்போதும் கேட்டதில்லை என்பது இப்போது நன்றாகப் புரிகிறது.

பிப்ரவரி இரண்டாம் தேதி விருந்து உண்டு. பிளாஸ்டிக் குழந்தையை மானஸா, "கேன் ஐ ஹேவ் இட்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தக் குடும்பத்தில் விருந்தைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவள்தான் என்று சித்தி சொன்னாள். எனவே அது மானஸாவின் விருந்து. நீங்கள் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

தமாலே ஃப்ரீஸரில் மூன்று மாதம் கெடாமல் இருக்கும். மறுபடி சூடு பண்ணும்போது தோகையோடு ஆவியில் வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். சாப்பிடும் முன் மறக்காமல் உரித்துவிடுங்கள். அங்கே உங்களோடு சேர்ந்து தோகையைக் கடிக்க ஆள் இல்லை.

மரிபெல்